கைப்பக்குவம்

அம்மையார்குப்பம்
20.8.2024

மதிப்பிற்குரிய பாவா கஜபதி அவர்களுக்கு,

கோதண்டபாணி எழுதுவது. இங்கே உங்கள் தங்கை கோமளவல்லி, மகள் கவிப்பிரியா, நான், நான்கு விசைத்தறி எல்லோரும் சுகம். பள்ளிப்பட்டில் நீங்களும் பாஞ்சாலி அக்காவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன், கவிப்பிரியாவின் மஞ்சள் நீராட்டு பேனரில் தாய்மாமன் படம் தபால்தலை அளவுக்குப் போய்விட்டது என்று நீங்கள் பந்தலிலேயே கற்பூரத்தை அணைத்து, இனி என்னோடு பேச்சில்லை என்று சத்தியம் செய்தீர்கள். நானும் அணைத்தேன். சத்தியம் பேச்சுக்குத்தான், எழுத்துக்கு இல்லை என்று குருக்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். போனில் எழுதி அனுப்பலாமே என்றாள் கவிப்பிரியா. அதில் நீங்கள் படித்துவிட்டதாக நீலக் கோடு விழுந்தும் பதில் வராவிட்டால் எனக்குத் தாங்காது. தபாலில் அந்த அவமானம் இல்லை.

செய்தி என்னவென்றால், ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலை ஏறினோம். இருநூறு படி தாண்டியிருப்போம். முன்னால் காவடிக் கூட்டம், பம்பைச் சத்தம். திடீரென்று கவிப்பிரியாவுக்குக் கண் மேலே சொருகியது. கை கால் உதறிக்கொண்டு விழுந்தாள். இரண்டு நிமிடம். சுற்றி நின்றவர்கள் அரோகரா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். என் அப்பா நாற்பது வருடம் காவடி எடுத்தும் அவருக்கு வியர்வைதான் வந்தது. என் மகளுக்கு அருள் வந்துவிட்டது.

எழுந்ததும் "தண்ணி" என்றாள். ஆர்.கே.பேட்டை விவசாயி டில்லிபாபு அந்த ஒரு சொல்லை நம்பி போர் போட்டு, அறுநூறு அடியில் தண்ணீர் பார்த்துவிட்டார். இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் வாசலில் எலுமிச்சம்பழத்தோடு பத்துப் பேராவது நிற்கிறார்கள். கவிப்பிரியா மட்டும் ஒத்துழைப்பதில்லை. "நைனா, எனக்குத் தாகம் எடுத்திச்சி, தண்ணி கேட்டன். அந்தாளு போர் போட்டதுக்கு நான் இன்னா பண்றது?" என்கிறாள். சாமி இறங்கியவர்கள் அடக்கமாகத்தான் பேசுவார்கள்.

கார்த்திகைக்கு அன்னதானம் போடப்போகிறேன். ஐந்நூறு இலை. இந்தப் பக்கத்தில் அத்தனை பேருக்குச் சமைக்க உங்களை விட்டால் ஆள் இல்லை என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மரியாதை குறையாத
கோதண்டபாணி


பள்ளிப்பட்டு
28.8.2024

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பாஞ்சாலி இரண்டு முறை சத்தமாகப் படித்தாள். கடைசி வரியை மூன்று முறை.

அருள் விஷயத்தில் எனக்கு ஆச்சரியம் இல்லை. உங்கள் அப்பாவுக்கு வராதது உங்கள் மகளுக்கு வந்தால் அது யார் வழியில் வந்திருக்கும் என்று நீங்களே யோசிக்க வேண்டும். தவிர, ஆறு வருடமாக மாதம் தவறாமல் நான் அனுப்பும் எள்ளுருண்டை டின்னுக்கும் இதில் பங்கு உண்டு. வயசுக்கு வந்த பெண்ணுக்கு எள் கொடுப்பது தாய்மாமன் கடமை. என் உதவியாளர்களை அதைத் தொட விடுவதில்லை. பாகு பதம் வந்து சூடு ஆறியதும் நானே உட்கார்ந்து உருட்டுகிறேன். கையுறை போடச் சொன்னான் ஒரு மண்டபத்து மேனேஜர். கையுறை போட்டு உருட்டினால் அது உருண்டையாக இருக்கும், என் உருண்டையாக இருக்காது என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த டின்னிலிருந்து நீங்கள் ஒன்றுகூட வாயில் போட்டதில்லை என்று கோமளா சொல்லியிருக்கிறாள். அவளுக்குச் சர்க்கரை. ஆகவே முழு டின்னும் குழந்தைக்கே போகிறது. எனக்கு அதில் வருத்தமில்லை. குழந்தையின் தலையில் இறங்கியதற்கு இந்தக் கையும் ஒரு காரணம் என்று சொன்னால் மிகையாகாது.

அன்னதானத்துக்கு வருகிறேன். நாம் பேசிக்கொள்ள வேண்டிய அவசியம் இருக்காது. உப்பு, புளி பற்றி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
கஜபதி
(சுத்த சைவ சமையல், முப்பத்தொரு வருட அனுபவம்)


அம்மையார்குப்பம்
6.10.2024

அன்புள்ள பாவா அவர்களுக்கு,

அன்னதானம் இல்லை. காரணம் எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதக் கடைசியில் கவிப்பிரியா காலேஜுக்குப் போகும் வழியில் டவுன் பஸ்ஸில் மறுபடியும் விழுந்தாள். பம்பை இல்லை, காவடி இல்லை. கண்டக்டர் விசில் மட்டும்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு வாயெல்லாம் ரத்தம். கையில் இரும்பு கொடுங்கள் என்று யாரோ கத்த, பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று சாவி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. யாரும் கேட்டு வரவில்லை.

முருகன் டவுன் பஸ்ஸில் இறங்கியதாக எனக்குத் தெரிந்து வரலாறு இல்லை. லேப் டெக்னீஷியன் படிப்பு படிக்கிற பெண் அல்லவா, அவளே சொல்லிவிட்டாள்: "நைனா, இது வலிப்பு. நீ எலுமிச்சம்பழத்த எடுத்து உள்ள வையி. நான் ஸ்கேன் எடுக்கணும்."

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அனுசுயா என்று ஒரு டாக்டர் அம்மா. படத்தில் மூளைக்குள் பாசிப்பயறு அளவுக்கு ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. நாடாப்புழுவின் குஞ்சாம். நாடா என்றால் எனக்குத் தறியில் ஓடுவதுதான் தெரியும். பன்றிக்கறியிலிருந்து வருகிற இனம் என்றார். எனக்கு வந்த கோபத்தில் எழுந்து நின்றுவிட்டேன். "டாக்டர், எங்க வீட்ல முட்டைகூட கெடையாதுங்க" என்றேன்.

"உக்காருங்க. கறியிலேர்ந்து இது நேரா மூளைக்குப் போறதில்ல. வயித்துலதான் வளரும். உங்க பொண்ணுக்கு இது கறியில வரல. இன்னொருத்தர் கையில வந்திருக்கு" என்றார்.

அவர் விளக்கியது இது. சரியாக வேகாத பன்றிக்கறியைத் தின்றவர் வயிற்றில் புழு வளர்கிறது. அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அவரும் புழுவும் வருடக்கணக்கில் ஒற்றுமையாகச் சாப்பிட்டு வாழ்கிறார்கள். அதன் முட்டை மலத்தில் வெளியேறுகிறது. சோப்புப் போட்டுக் கழுவாத கையால் அவர் தொடும் பண்டத்தில் அது ஒட்டுகிறது. பண்டத்தைத் தின்றவர் உடம்பில் முட்டை பொரிந்து, குஞ்சு ரத்தத்தில் ஏறி மூளையில் போய் உட்காருகிறது. சில வருடம் கழித்து அது சாகும்போது வலிப்பு. சூடான தேசங்களில் வலிப்பு வருகிறவர்களில் நிறையப் பேருக்கு இதுதான் காரணமாம். நம் ஊரில் இவர்களில் எத்தனை பேருக்குச் சாமி என்று பெயர் வைத்திருக்கிறோமோ தெரியாது.

மாத்திரையில் ஆறிவிடும் என்றார். ஆனால் முட்டை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காவிட்டால், ஒரு பயறு காய்வதற்குள் இன்னொன்று வந்து உட்காரும். ஆகவே அவளுக்குக் கையால் சாப்பாடு செய்து கொடுக்கிற எல்லோரும் மலப் பரிசோதனை செய்ய வேண்டும். மூன்று நாள், மூன்று டப்பா. நானும் கோமளாவும் கொடுத்தோம். இருவருக்கும் ஒன்றும் இல்லை.

வேறு யார் என்று டாக்டர் கேட்டார். நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. கவிப்பிரியா சொன்னாள்.

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோதண்டபாணி


பள்ளிப்பட்டு
11.10.2024

திரு. கோதண்டபாணி அவர்களுக்கு,

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

முப்பத்தொரு வருடம். ஆயிரத்து இருநூறு கல்யாணத்துக்குக் குறையாது. இந்தக் கை பிசைந்ததைத் தின்று ஒருத்தருக்கு வயிறு பொருமியது என்று கேள்விப்பட்டதுண்டா? என் சாம்பாருக்காக மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் நிறத்தை மறந்த கல்யாணங்கள் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். அவர்கள் இன்னும் சேர்ந்து வாழ்கிறார்கள்.

சுத்த சைவம் என்று கார்டில் அடித்திருக்கிறவன் வீட்டுக்குப் பன்றி என்ற சொல்லைத் தபாலில் அனுப்பியிருக்கிறீர்கள். நான் எங்கே, என்ன தின்றேன் என்று யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நான் ஒன்றும் தின்றதில்லை.

டப்பாவில் பிடித்துக் கொடுக்கும் ஆள் நான் இல்லை. இனி எள்ளுருண்டை டின்னும் வராது. குழந்தைக்கு என் ஆசி.

கஜபதி


அம்மையார்குப்பம்
29.10.2024

அன்புள்ள பாவா அவர்களுக்கு,

நேற்று உங்கள் வாசலில் நாம் இருவரும் நடந்துகொண்ட விதம் வெளியாள் ஒருவருக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் திரும்பினேன். ஐம்பது வயதைத் தாண்டிய இரண்டு பேர் மூன்று முழ தூரத்தில் நிற்கிறார்கள். ஒருவர் கையில் மஞ்சள் பையில் மூன்று டப்பா. இருவரும் பாஞ்சாலி அக்காவைப் பார்த்தே பேசுகிறார்கள்.

"இவுரு இன்னாத்துக்கு வந்துகீறாருன்னு கேளு" என்றீர்கள்.

"அக்கா, குழந்தைக்கு லேப்ல நிக்கும்போதே மூணாவது வாட்டியும் வந்துட்சி, சொல்லுங்க. பிரின்சிபால் வூட்டுக்கு அனுப்ச்சிட்டாரு. வலிப்பு பரம்பரை வியாதி, லேப்ல நெருப்பு கீது, ஆசிட் கீது, இனிமே வராதன்னுட்டாரு" என்றேன்.

"நம்ம பரம்பரைல யாருக்கும் கெடையாதுன்னு சொல்லச் சொல்லு!"

"அதத்தான் அக்கா காயிதமா கேக்கறாங்க. எங்கிருந்து வந்திச்சின்னு காட்டணுமாம்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "நீங்க ரெண்டு பேரும் ஒர்த்தர் மூஞ்ச ஒர்த்தர் பாத்துகினு பேசித் தொலையக் கூடாதா? நடுவுல நான் இன்னா தபால்பொட்டியா? இந்தா, டப்பாவ குடுங்க. இவுரு நெறப்பலன்னா நாளையிலேந்து இந்த வூட்ல காபி கெடையாது."

நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள். அதனால் கவிப்பிரியா சொல்லி அனுப்பியதைச் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதுகிறேன். அவள் பேச்சிலேயே: "மாமா கைய நான் குத்தம் சொல்லல, நைனா. அந்தக் கை உருட்டனதத் துன்னுதான் வளந்தன். நான் நகத்துக்கு அடியில கீறதச் சொல்றன்."

என் தரப்பில் நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு வருடமாக உங்கள் டின்னை நான் தொடாதது கோபத்தால்தான். அந்தக் கோபம் என்னைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். நான் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

கோதண்டபாணி


பள்ளிப்பட்டு
17.11.2024

அன்புள்ள மாப்பிள்ளை,

நிரப்பினேன். மூன்று நாள். நானே சென்னைக்கு எடுத்துப் போனேன். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் பையைப் பார்த்து, "திருத்தணி பிரசாதங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்கு மேல் விளக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கவிப்பிரியா எனக்கு முன்பே வந்திருந்தாள். காலேஜ் லேபில் விடாத பெண்ணை அனுசுயா டாக்டர் பெரிய லேபுக்குள் கூட்டிப் போய் மைக்ராஸ்கோப் முன் உட்காரவைத்தார். முதல் இரண்டு டப்பாவில் அங்கே வேலை செய்கிற டெக்னீஷியன் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். மூன்றாவதிலும் இல்லை என்றார். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். கவிப்பிரியா, "சார், நான் ஒருவாட்டி பாக்கட்டுங்களா?" என்றாள். முக்கால் மணி நேரம் குனிந்த தலை நிமிரவில்லை. பிறகு, "மேடம், இங்க வந்து பாருங்க" என்றாள்.

டாக்டர் பார்த்தார். டெக்னீஷியன் பார்த்தார். "ஆமாம்மா, நான் விட்டுட்டன்" என்றார். என்னையும் பார்க்கச் சொன்னார்கள். பழுப்பாக, உருண்டையாக, ஓரத்தில் சன்னமான கோடுகளோடு ஒரு முட்டை. தள்ளி இன்னும் இரண்டு. எல்லாம் ஒரே அளவில் இருந்தன. உருண்டை பிடிக்கிறவன் என்ற முறையில் அந்த ஒழுங்கை நான் மறுக்க முடியாது.

மாப்பிள்ளை, அப்போது நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். பட்டேன், வெளியே வந்த பிறகு. அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். சம்பளம் வாங்குகிறவன் கண்ணுக்குத் தப்பியது, இரண்டாம் வருடம் படிக்கிற என் தங்கை மகள் கண்ணுக்குத் தப்பவில்லை. அங்கே நின்ற ஒரு நர்ஸிடம், "எங்க பொண்ணு கண்டுபுடிச்சதுங்க அது" என்று சொல்லிவிட்டேன். "எது?" என்று அவள் கேட்டதும்தான் நான் எதைப் பற்றிப் பெருமைப்படுகிறேன் என்று எனக்கே புரிந்தது.

பன்றிக்கறி விஷயம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மாந்தோப்பு. கல்யாண வேலை முடிந்த மறுநாள் நானும் என் ஆட்களும் போவோம். எட்டு வருடமாக. ஆந்திராவில் தின்றது தமிழ்நாட்டில் கணக்காகாது என்ற எண்ணம் எனக்கு இருந்திருக்க வேண்டும். வயிற்றுக்கு எல்லை இல்லை. பந்தியில் பருப்பு ஒரு கொதி குறைந்தால் ஆளை அடிக்கப் போகிற நான், எனக்கென்று செய்யும்போது பசி பொறுக்காமல் பாதி வேக்காட்டில் இறக்கித் தின்றிருக்கிறேன். கறி தின்றதைவிட இதுதான் எனக்கு அவமானம்.

கை கழுவுவது பற்றியும் டாக்டர் கேட்டார். மண்டபத்துப் பின்பக்கம் எப்படி என்பது உங்களுக்குத் தெரியும். ஆயிரம் பேருக்குச் சமைக்கத் தண்ணீர் லாரி வரும். சமைக்கிறவன் கை கழுவ ஒரு சொம்பு இருக்கும். சோப்பு மணமகன் அறையில் இருக்கும்.

ஒரே வேளை மாத்திரை. புழு போய்விட்டது. வந்ததைப் பார்த்து டாக்டர் இனத்தையும் உறுதி செய்துவிட்டார். நீளம் எழுத மாட்டேன்.

குழந்தையிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "சீ, எழுந்து நில்லு மாமா, எல்லாம் பாக்கறாங்க" என்றாள்.

கஜபதி


அம்மையார்குப்பம்
25.11.2024

அன்புள்ள பாவா,

கடிதம் கிடைத்தது. கோமளா அழுதாள். யாருக்காக என்று சொல்லவில்லை.

நான் யோசித்தேன். தை பிறந்தால் உங்களுக்குக் கல்யாண வேலை. ஆறு வீட்டில் முன்பணம் வாங்கியிருக்கிறீர்கள் என்று அக்கா சொன்னார். இந்த விஷயம் வெளியே போனால் முப்பத்தொரு வருடப் பெயர் ஒரு வாரத்தில் போய்விடும். ஆகவே ரிப்போர்ட்டைக் காலேஜில் காட்டாமல் நாம் இதை இங்கேயே விட்டுவிடுவோம். குழந்தை மாத்திரை தின்கிறாள், ஒரு மாதமாக ஒன்றும் வரவில்லை. ஊரில் கேட்பவர்களுக்கு அருள் மலையேறிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். டில்லிபாபுவின் போரில் இன்னும் தண்ணீர் வருகிறது, ஆகவே நம்புவார்கள். காலேஜ் இந்த வருடம் போனால் போகட்டும். வேறு ஏதாவது படிக்கட்டும். பி.காம்.

அவளிடம் இதைச் சொன்னேன். லேப் கோட்டை மடித்துப் பீரோவில் வைத்தாள்.

உங்கள் கௌரவம் என் கௌரவம்.

கோதண்டபாணி


பள்ளிப்பட்டு
2.2.2025

அன்புள்ள மாப்பிள்ளை,

பதில் எழுதத் தாமதம். வேலையை முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

லேப் கோட்டைப் பீரோவில் வைத்தாள் என்ற வரியைப் படித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நீங்கள் எனக்குக் காட்டிய தயவுக்கு நன்றி. ஆனால் என் பெயரைக் காப்பாற்ற அந்தக் குழந்தையைப் பி.காம். படிக்கவைப்பது எந்த ஊர் நியாயம்?

பிரின்சிபால் அறைக்குள் ரிப்போர்ட்டோடு போனேன். "நீங்க யாரு?" என்றார்.

"பொண்ணுக்குத் தாய்மாமனுங்க. புழு என்னுதுங்க" என்றேன்.

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். நான் விடவில்லை. "பரம்பரைன்னு சொல்லி அனுப்புனீங்களாமே. எங்க பரம்பரைல ஒண்ணும் இல்லங்க. நான் பாதி வெந்தத துன்னன், கை கழுவல, அந்தக் கையால உருட்டிக் குடுத்தன். இதுல இன்னாங்க பரம்பரை கீது? டாக்டரம்மா கையெழுத்து இங்க கீது, பாருங்க" என்றேன். அவர் ரிப்போர்ட்டை ஒரு ஸ்கேலால் தன் பக்கம் இழுத்துப் படித்தார். அடுத்த திங்கட்கிழமை அவள் லேபில் இருந்தாள். அது உங்களுக்குத் தெரியும். நான் போனதுதான் உங்களுக்குத் தெரியாது. டாக்டர் கடிதம் போட்டதாக அவளைச் சொல்லச் சொன்னது நான்.

பிறகு ஆறு கல்யாண வீட்டுக்கும் நடந்தேன். அவர்கள் வேறு யார் வாயாலாவது கேட்பதைவிட என் வாயால் கேட்கட்டும். புழுவையும் சொன்னேன், கறியையும் சொன்னேன், இப்போது சுத்தம் என்ற ரிப்போர்ட்டையும் காட்டினேன். நான்கு வீட்டில் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். ஐந்தாவது வீட்டில், யாரிடமும் சொல்லாமல் இருந்தால் வா என்றார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். ஆறாவது, அத்திமாஞ்சேரிப்பேட்டை பக்கம் ஒரு பெரியவர், தணிகைமணி என்று பெயர். கேட்டுவிட்டு மோவாயைத் தடவினார்.

"மத்த சமையல்காரன்லாம் இந்த டெஸ்ட் எடுத்துகினானா?"

"தெரியாதுங்க."

"அப்போ உன் ஒர்த்தனுக்குத்தான் புழு இல்லன்னு தெரியும். நீயே வா."

ஒரு நிபந்தனை நான் போட்டேன். என் ஆட்கள் பதின்மூன்று பேரும் டப்பா கொடுக்காமல் என் அடுப்பு எரியாது. கதிரவன் மட்டும், "இன்னா மேஸ்திரி, மானத்த வாங்கறியே" என்றான். "எம் மானத்த நானே ஆறு வூட்டு வாசல்ல வச்சிட்டு வந்துட்டன். உன்னுதும் சின்னதா ஒரு டப்பாவுல வையி" என்றேன். அனுசுயா டாக்டர் ஆளனுப்பி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். இரண்டு பேருக்கு இருந்தது. அதில் ஒருவன் கதிரவன். மாத்திரை கொடுத்தார்கள். டாக்டர் சரி என்று சொல்லும்வரை அவர்கள் இருவரையும் பாத்திரத்துப் பக்கம் விடவில்லை.

முந்தாநாள் கல்யாணம். மண்டபத்துப் பின்பக்கம் இரண்டு குழாய், நான்கு சோப்பு, பெரியவர் செலவு. விடியற்காலையில் கவிப்பிரியா வந்தாள். டாக்டர் அனுப்பினாராம். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள். உங்களிடம் தோழி கல்யாணம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். பதினான்கு பேரையும் வரிசையில் நிறுத்தினாள். என்னையும் சேர்த்து.

என் சமையல்கட்டில் இந்த முப்பத்தொரு வருடத்தில் எனக்கு யாரும் உத்தரவு போட்டதில்லை. உள்ளே வந்து உப்பு பார்த்த ஒரு எம்.எல்.ஏ.வை வெளியே அனுப்பியிருக்கிறேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் போய் நின்றேன். என் முறை வந்ததும் இரண்டு கையையும் நீட்டச் சொன்னாள். பார்த்தாள்.

"மாமா, இந்தக் கட்டைவெரல் நகத்த யாரு வெட்டுவாங்க? போ, போய் வெட்டிகினு சோப்பு போட்டுகினு வா."

என் ஆட்கள் சிரித்தார்கள். கதிரவன் சத்தமாகவே சிரித்தான். போய் வெட்டிக்கொண்டு, முழங்கை வரை கழுவிக்கொண்டு, மறுபடி வரிசையின் கடைசியில் நின்றேன். ஐந்நூறு பேருக்கு இட்லி ஊற்ற வேண்டிய நேரம். ஒருவரும் என்னை முன்னால் விடவில்லை. அவளும் கூப்பிடவில்லை. அந்தக் குழந்தை யார் வீட்டுப் பெண் என்று பெரியவர் என் ஆளிடம் விசாரித்துக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் நேராக நின்றேன்.

முறை வந்தது. இரண்டு கையையும் புரட்டி, விரலை ஒவ்வொன்றாக விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஆங். போய் அடுப்பப் பத்த வை மாமா" என்றாள்.

போய்ப் பற்ற வைத்தேன்.

உங்கள்,
கஜபதி